இரண்டு நாற்பத்தைந்து

52-லிருந்து 17-ஐக் கழித்தால் 35. மூன்றாம் வகுப்பில் இந்தக் கணக்குக்கு 45 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஊர்ப் பள்ளியிலும் இருப்பார்கள். என் வகுப்பில் ஒரு நாள் ஒரு பையனும் ஒரு பெண்ணும் அப்படி எழுதியிருந்தார்கள். இருவரும் வெவ்வேறு மூலையில் உட்கார்ந்திருந்தவர்கள். பார்த்து எழுத வழியில்லை. எப்படிப் போட்டீர்கள் என்று தனித்தனியே கேட்டேன்.

“ரெண்டுல ஏழு போகாது டீச்சர். அதனால ஏழுல ரெண்டக் கழிச்சேன், அஞ்சு. அஞ்சுல ஒண்ணு போனா நாலு” என்றான் அவன்.

“ரெண்டுல ஏழு போகாது டீச்சர். பக்கத்து வீட்டுல கடன் வாங்கினா பன்னெண்டு. பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு. அஞ்சுல ஒண்ணு போனா நாலு” என்றாள் அவள்.

அவளுக்கு முறை தெரிந்திருந்தது. கடன் கொடுத்த வீட்டில் ஒன்று குறைந்ததை மட்டும் விட்டுவிட்டாள். இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும். அவன் நிலை வேறு. 52 என்பது அவனுக்கு ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளுமாக இல்லை, பக்கத்தில் பக்கத்தில் எழுதிய இரண்டு எண்களாக இருந்தது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் கேட்டதை ஒவ்வொரு வரிசைக்கும் விசுவாசமாகக் கடைப்பிடித்திருக்கிறான். அவனை இரண்டாம் வகுப்பின் இடமதிப்புக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. நோட்டில் இருவருக்கும் ஒரே விடை, மதிப்பெண் பதிவேட்டிலும் ஒரே பூஜ்யம். ஆனால் நாளைக்கு இவனுக்கு நான் நடத்த வேண்டிய பாடமும் அவளுக்கு நடத்த வேண்டிய பாடமும் ஒன்றல்ல.

தொடக்கப் பள்ளியில் பாடம் திட்டமிடுவது என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை அந்த இரண்டு நாற்பத்தைந்துகள்தான்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியை நாலாம், ஐந்தாம் வகுப்புகளை வைத்துக்கொள்வார். ஒன்று முதல் மூன்று வரை என் அறையில். அதே சட்டம் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரம் என்கிறது. கேட்க நிறைய இருப்பது போலத் தோன்றும். மூன்று வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்துப் பார்த்தால் ஒரு வகுப்புக்கு என் முழுக் கவனம் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. முப்பருவ முறை 2012-13-ல் வந்தபோது புத்தகச் சுமை குறைந்தது பிள்ளைகளுக்குப் பெரிய நன்மை. ஆனால் பருவம் முடிந்ததும் அந்தப் புத்தகம் பையை விட்டுப் போய்விடும். முதல் பருவத்தில் பத்துகளும் ஒன்றுகளும் பிடிபடாத பிள்ளைக்கு மூன்றாம் பருவப் புத்தகத்தில் அதைத் திருப்பிப் பார்க்கப் பக்கம் இருக்காது. அந்தப் பக்கத்தை ஆசிரியர்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

செயல்வழிக் கற்றல் 2007-08-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அட்டைகள், ஏணிப்படி, பாயில் வட்டமாகக் குழுக்கள், பிள்ளைகள் உயரத்துக்குச் சுவரில் கரும்பலகை. அதைப் பற்றி ஆயிரம் குறை சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் வெவ்வேறு படியில் நிற்பது இயல்பு என்று அரசே ஒப்புக்கொண்டது அதில்தான். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை ஏணி காட்டிவிடும். ஏன் அங்கேயே நிற்கிறது என்பதை மட்டும் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அந்தப் பையனுக்கு ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தேன். ஐந்து கட்டும் இரண்டு குச்சியும். ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னேன். இப்போது நாலு கட்டும் பன்னிரண்டு குச்சியும். “மொத்தம் எவ்வளவு?” என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்து ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான். வகுப்பு முடிய மணி அடித்தும் எண்ணிக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு வந்தது. மறுநாளும் எண்ணினான். கட்டைப் பிரித்தாலும் எண்ணிக்கை மாறாது என்பது பெரியவர்களுக்குச் சொல்லவே தேவையில்லாத விஷயம். அவனுக்கு அது நம்ப முடியாத செய்தி. நம்பிய பிறகு கழித்தல் தானாக வந்தது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 52–17 என்று கேட்டால் இரண்டு வகைத் தவறும் 45-ல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 52–18 என்று கேட்டால் அப்படியில்லை. சரியான விடை 34. வரிசை வரிசையாகப் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிற பிள்ளை 46 எழுதும். கடன் வாங்கிவிட்டுக் குறைக்க மறந்த பிள்ளை 44 எழுதும். முப்பது நோட்டுகளைப் புரட்டும் நேரத்தில் யார் எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒன்றின் இடத்து இலக்கங்களுக்கிடையே வித்தியாசம் ஐந்தாக இருந்தால் மட்டும்தான் இந்தக் குழப்பம். பாடக்குறிப்பு எழுதும்போது நோக்கம், துணைக்கருவி, செயல்பாடு எல்லாம் எழுதுகிறோம். எந்த எண்களைக் கேட்கப்போகிறோம் என்பதற்குத்தான் நான் இப்போது அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் நாட்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டு மூன்றாம் வகுப்புக் கணக்கில் கடைசிப் பாடத்தின் பெரும்பகுதியை நான் நடத்தவில்லை. தெரிந்தே விட்டேன். பதிவேட்டில் ‘முடிந்தது’ என்றும் எழுதவில்லை. எந்தப் பக்கம் வரை நடந்தது, எந்தெந்தப் பிள்ளைகள் கழித்தலில் இருக்கிறார்கள் என்று எழுதி வைத்தேன். பார்வைக்கு வந்தவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, “பாடத்தை முடிக்காம என்னம்மா பண்ணீங்க?” என்றார். எனக்குக் குரல் எழவில்லை. தலைமையாசிரியைதான் நோட்டுகளைக் கொண்டுவந்து அவர் முன் விரித்தார். “அடுத்த வருசம் இந்தப் பிள்ளைங்க எங்கிட்டதானே சார் வரப்போறாங்க? எங்க விட்டிருக்குன்னு டீச்சர் எழுதிட்டாங்க. நான் அங்கேருந்து எடுத்துக்கிறேன்.” சொன்னபடி ஜூன் மாதம் அந்தப் பாடத்திலிருந்துதான் நாலாம் வகுப்பை ஆரம்பித்தார்.

ஈராசிரியர் பள்ளி என்றால் பரிதாபமாகப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். பெரிய பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு ஆசிரியரும் நாலாம் வகுப்பு ஆசிரியரும் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொள்ளாமலேயே ஆண்டு முடிந்துவிடலாம். எங்களுக்கு அது முடியாது. மதியச் சாப்பாட்டு வேளையில் எங்கள் பேச்சே அதுதான்.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்து, முதல் மூன்று வகுப்புகளின் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து நடத்தச் சொன்னபோது எனக்குப் புதிதாக இல்லை, ஆறுதலாக இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை மொட்டில் இருக்கலாம் என்பதை இனி யாருக்கும் ஒளிக்க வேண்டாம்.

குறுவள மையக் கூட்டத்தில் போன முறை ஒன்று கேட்டேன். பயிற்சி முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள், ஒவ்வொருவரும் தம் வகுப்பிலிருந்து ஒரு தவறான விடையைக் கொண்டு வரட்டும், அது எப்படி வந்தது என்று சேர்ந்து பார்ப்போம் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் அங்கேயே தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். 300–126-க்கு ஒரு பிள்ளை 226 எழுதியிருந்தது. பூஜ்யத்திலிருந்து எதை எடுத்தாலும் எடுத்ததே மிச்சம் என்று நினைத்திருக்கிறது என்றார் ஒருவர். அப்படியானால் அதற்கு மூன்று இலக்கக் கழித்தல் இப்போது வேண்டாம், 40–6 கொடுத்துப் பாருங்கள் என்றார் இன்னொருவர். அடுத்த கூட்டத்துக்கு அந்த விடையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.