இரண்டு ஐஸ் குச்சி கேப்

எங்கள் தோட்டத்துச் சாளையில் ஒரு கார் 19 வருடமாக நின்றுகொண்டிருந்தது. சாளை என்றால் கொட்டகை. ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது ரூம்மேட், "சாலையில நிக்குதா? போலீஸ் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1965 மாடல், இரண்டு கதவு. அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, 1974-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கி, ஈரோடு மஞ்சள் மண்டிக்குப் போய்வந்த வண்டி. அவர் போனபிறகு வண்டி மேல் சாக்கு, சாக்கு மேல் கோழி. போன வருடம் சித்திரையில் அப்பா பழைய இரும்புக் கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டியபோது நான் குறுக்கே விழுந்தேன். முதல் வருடம் முடிந்த லீவு. மெக்கானிக்கல் படிக்கிற திமிர் வேறு.

"பைக்குக்கு எடுத்துவெச்ச காசை இதுக்குக் குடுத்துருங்கப்பா."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காலேஜ் தொறக்கறதுக்குள்ள ஓடோணும். இல்லீன்னா இரும்புக் கடைதான்" என்றார்.

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த தப்பு புரியாது. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் இது. டிசைன் செய்தவர் இத்தாலிக்காரரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் சேஸியும் பாடியும் ஒன்றாகவே வருகிற மோனோகாக் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-டிரையம்புக்கு அது முடியவில்லை. அவர்களுக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியைச் செய்து தர ஆள் இல்லை. அதனால் தனி சேஸி போட்டு, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, போல்ட் போட்டு இணைத்தார்கள். முன்பக்க பல்க்ஹெட் ஒரு துண்டு, பின்பக்கத் தொட்டி ஒரு துண்டு, கூரை ஒரு துண்டு. பானட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டு, மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். வெளிநாட்டுக்குப் பெட்டியில் அனுப்பி அங்கே பூட்டிக்கொள்ளவும் இது வசதி. 1961 முதல் நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்தது, 948 சி.சி. எஞ்சினோடு.

பானட்டைத் திறந்தால் முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். அப்பாரு அப்படி உட்கார்ந்து பிளக் துடைக்கிற போட்டோ வீட்டில் இருக்கிறது. நான் குறுக்கே விழுந்ததற்கு நிஜக் காரணம் அந்த போட்டோதான். மெக்கானிக்கல் எல்லாம் சும்மா.

போல்ட்டைக் கழற்றினால் பாடியே பிரிந்துவிடும் என்பது ரெஸ்டோர் பண்ணுகிறவனுக்கு வரம் மாதிரி தெரியும். பிரிக்கும்போது வரம்தான். திரும்பப் பூட்டும்போதுதான் தெரியும், ஒவ்வொரு போல்ட் ஓட்டையும் வேண்டுமென்றே பெரிதாகவோ நீளமாகவோ விட்டிருக்கிறார்கள். எந்தத் துண்டும் 'இதுதான் என் இடம்' என்று தானாகப் போய் உட்காராது. மேலே, கீழே, முன்னே, பின்னே நாமே தள்ளிப் பார்த்து நிறுத்த வேண்டும். கதவைச் சுற்றி நாலு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா, பானட்டிலிருந்து பின்னால் வரை ஓடுகிற அந்த மடிப்புக் கோடு கதவில் உடையாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் பேனல் அலைன்மென்ட். எங்கள் டிங்கர் பாய் அதை 'கேப் புடிக்கிறது' என்பார்.

பாய்க்கு அறுபது வயதுக்கு மேல். பட்டறையில் இருந்த ஒரே அளவுகோல் ஐஸ் குச்சி. இரண்டு குச்சியைச் சேர்த்துக் கதவு இடுக்கில் நுழைத்து மேலிருந்து கீழே இழுப்பார். எங்கே இறுகுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. நான் வெர்னியர் எடுத்துப் போய் அந்த இரண்டு குச்சியை அளந்தேன்: 4 மி.மீ., சொச்சம். "என்ன தம்பி, பாஸா?" என்றார்.

மே கடைசிக்குள் சேஸியைச் சுரண்டி, துருப்பிடித்த இடத்தில் தகடு வெல்டு பண்ணியாயிற்று. இடது பக்கம் கதவுக்குக் கீழே வருகிற சேஸி கை ரொம்ப மோசம், பாதியைப் புதிதாகவே செய்தார். எஞ்சின் லேத் பட்டறையில். சஸ்பென்ஷன் புஷ் ஆர்டர் போட்டு வரவில்லை. ஆக, வண்டிக்குச் சக்கரமும் இல்லை, எஞ்சினும் இல்லை. சேஸி நாலு ஹாலோ பிளாக் அடுக்கின் மேல், கிட்டத்தட்ட கதவுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தது.

"கேப் புடிச்சுருங்க பாய், பெயிண்டுக்கு அனுப்பிரலாம்" என்றேன்.

"வண்டி கால்ல நிக்கட்டும் தம்பி. அப்புறம் கதவை மாட்டலாம்."

"புஷ் வர இன்னும் ரெண்டு வாரம் ஆகும். காலேஜ் தொறந்துரும்."

அவர் என்னைப் பார்த்தார், சேஸியைப் பார்த்தார். "வண்டி உங்களுது" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

மூன்று நாள் வேலை. முதலில் பல்க்ஹெட், அதுதான் அசையக் கூடாத துண்டு. பிறகு பின் தொட்டி, கூரை, கதவு. பானட் கடைசி. எதையும் இறுக்கமாட்டார். எல்லா போல்ட்டும் பாதி தளர்வாகவே இருக்கும், எல்லாம் இடத்துக்கு வந்தபிறகுதான் ஒவ்வொன்றாக முறுக்குவார். பழைய ரப்பர் பீடிங்கைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் கதவைச் சாத்திப் பார்க்கலாம் என்றேன், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. புது ரப்பர் தடிமனாக இருக்கும், கதவை வெளியே தள்ளும், அதைப் போட்டுத்தான் லாக்கை நிறுத்த வேண்டும் என்றார். அது சரிதான் என்று பிறகு தெரிந்தது. கடைசியில் நாலு பக்கமும் இரண்டு ஐஸ் குச்சி வெண்ணெயில் போவது மாதிரி போனது. நான் ஸ்டேட்டஸ் போட்டேன். எத்தனை ஹார்ட் வந்தது என்றுகூட நினைவிருக்கிறது, வெட்கமாக இருக்கிறது, சொல்லமாட்டேன்.

பெயிண்ட் முடிந்தது. புஷ் வந்தது. எஞ்சின் வந்தது. வண்டியைக் கல்லிலிருந்து இறக்கி சக்கரத்தில் நிறுத்தினோம். அப்பா வந்து இடது கதவைத் திறந்து உட்கார்ந்து சாத்தினார். 'கிரீச்' என்று ஒரு சத்தம். கதவின் பின்பக்க மேல் மூலை தொட்டியில் உரசி, புது பெயிண்ட் நகம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. வலது கதவிலும் மேலே கேப் குறைந்திருந்தது, ஆனால் உரசவில்லை.

"என்னாச்சு?" என்றார் அப்பா.

"பாய் சரியாப் புடிக்கலைங்கப்பா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. அந்த நேரத்தில் நான் நம்பியும் இருக்கலாம். ஆனால் "கால்ல நிக்கட்டும்" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது, அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா கூலியில் 4,000 ரூபாய் பிடித்துக்கொண்டார். பாய் என் பக்கம் திரும்பவேயில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி எப்படியோ ஓடியது, இடது கதவைத் திறக்காமல்.

மூன்றாம் செமஸ்டரில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். ஒரு மதியம், சாப்பிட்ட தூக்கத்தில், போர்டில் இரண்டு பீம் வரைந்தார் மேடம். ஒன்றுக்கு இரண்டு முனையிலும் தாங்கல், அது நடுவில் தொய்யும். இன்னொன்றுக்குத் தாங்கல் இரண்டும் நடுப்பக்கம் தள்ளி, முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அது நடுவில் முதுகு தூக்கும். பீம் அதேதான், தாங்கலை நகர்த்தியதும் வளைகிற திசையே மாறிவிடுகிறது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த இரண்டாவது பீம் எங்கள் சாளையில் ஹாலோ பிளாக் மேல் நின்றுகொண்டிருந்தது. முதலாவது பீம், சக்கரத்தில் நிற்கிற கார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். கதவு கீல் பக்கம் பல்க்ஹெட்டோடு போகும். சேஸி நடுவில் தொய்ந்தால் பின் தொட்டி முன்னால் சாயும், மேலே கேப் குறையும், கீழே கூடும். கதவின் உயரம் சுமார் 600 மி.மீ. மேலே 3 மி.மீ. குறைய எவ்வளவு சாய வேண்டும்? 3-ஐ 600-ஆல் வகுத்தால் 0.005 ரேடியன். கால் டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. கண்ணுக்கே தெரியாத வளைவு. இடது பக்கம் அதிகமாக உரசியதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை, தகடு வெட்டி ஒட்டிய கை அந்தப் பக்கம்தானே. இதைத்தான் அவர் "கால்ல நிக்கட்டும்" என்று மூன்று வார்த்தைக்குள் சொல்லியிருந்தார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பீரோவைத் திறந்து 4,000 ரூபாயை எண்ணி என் கையில் வைத்து, "நீயே போயிக் குடு" என்றார். திட்டியிருக்கலாம்.

பட்டறையில் பாய் ஒரு ஆம்னியின் டிக்கியைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் மனப்பாடம் பண்ணிப் போனது எதுவும் வரவில்லை. "தப்பு என் மேலதான் பாய். அப்பாகிட்ட மாத்திச் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். பணத்தை வாங்கினார், எண்ணவில்லை, சட்டைப் பையில் வைத்தார். சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. இரண்டு மூன்று தட்டு தட்டிவிட்டு, "இப்ப கால்ல நிக்குதா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். கூரை போல்ட்டுகளையும் பின் தொட்டி போல்ட்டுகளையும் தளர்த்தி, தொட்டியின் முன்பக்க போல்ட் இரண்டிலும் பழைய தகட்டில் வெட்டிய 1.6 மி.மீ. ஷிம் இரண்டிரண்டு வைத்தார். தொட்டி முன்பக்கம் 3.2 மி.மீ. தூக்கியதும் பின்னால் சாய்ந்தது, கதவுக்கு மேலே கேப் திறந்தது. நான் கைதட்டப் போனேன். "இருங்க, இப்பக் கோடு போச்சு பாருங்க" என்றார். ஆமாம், தொட்டி உயர்ந்ததால் மடிப்புக் கோடு கதவிலிருந்து பின்னால் போகும் இடத்தில் படி மாதிரி உடைந்திருந்தது. கீலைத் தளர்த்திக் கதவைத் தூக்கினார். இப்போது கதவுக்கும் பானட்டுக்கும் கோடு உடைந்தது. பானட்டின் முன் கீலையும் தொட வேண்டியதாயிற்று. மதியச் சாப்பாடு வரைக்கும் அந்த 3 மி.மீ. வண்டி முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது, எலி மாதிரி. ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்றில் தலை காட்டும்.

"முழுசாப் போகாதா பாய்?"

"எங்க போகும்? வளைஞ்சது வளைஞ்சதுதான். எங்க ஒளிச்சு வெக்கிறதுன்னுதான் நாம பாக்கணும்." பார்க்கிறவன் கண் முதலில் கோட்டுக்குத்தான் போகும், அதனால் கோடு கெடக் கூடாது என்றார். அடுத்து மேல் கேப். கீழ் மூலையை யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள், மிச்சத்தை அங்கே விட்டுவிடலாம். இடது கதவின் கீழ் மூலையில் இன்றைக்கும் மூன்று குச்சி நுழையும். பெயர்ந்த பெயிண்டை பெயிண்டர் டச் பண்ணிக் கொடுத்தார், வெயிலில் பார்த்தால் திட்டாகத் தெரியும். எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அப்பா இப்போது வாரத்துக்கு ஒருநாள் அதில்தான் மண்டிக்குப் போகிறார். நான் ஊருக்குப் போனால் முதல் வேலை இரண்டு ஐஸ் குச்சியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றுவது. பொங்கலுக்குப் போனபோது இடது கதவின் மேல் மூலையில் குச்சி இறுகியது. பயந்துபோய் பாய்க்கு போன் போட்டேன்.

"பின் சீட்டுல யாரு மூட்டை வெச்சது?" என்றார்.

திறந்து பார்த்தால் இரண்டு மூட்டை மஞ்சள். திரும்பிப் பார்த்தேன். அப்பா மோட்டார் போடப் போய்விட்டார்.