விசிறியைச் சுற்றுகிறவன்

பறக்க வேண்டும் என்ற ஆசை ஒருவனுக்கு வந்துவிட்டால் அதைத் தடுக்க யாராலும் முடியாது. பெற்ற தாயாராலும் முடியாது. மந்தைவெளியில் வசிக்கும் ஓர் அம்மாள் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். அவருடைய மூத்த குமாரன் என்னிடம் பௌதிகம் படித்தவன், இப்போது எஞ்சினீயர். செங்கற்பட்டுக்கு அப்பால், ஒரு சிநேகிதனுடைய தோட்டத்துக் கொட்டகையில், சிறிய விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டி வருகிறானாம்.

"நீங்கள் சொன்னால் கேட்பான், ஸார். இந்தப் பைத்தியத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்" என்றார்.

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊருக்கு இந்தப் பைத்தியம் புதிதல்லவே! 1909-ம் வருஷம் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்தார். மறு வருஷமே, மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்தி வந்த டி ஏஞ்சலிஸ் என்பவர் தாமே ஒரு விமானத்தைத் திட்டமிட்டு, ஸிம்ஸன் கம்பெனியாரைக் கொண்டு செய்வித்து, பல்லாவரத்தில் பறக்கவிட்டார். பிறகு தீவுத்திடலில் ஜனங்கள் காசு கொடுத்து அந்த அதிசயத்தைப் பார்த்தார்கள். நம் காலத்திலும், மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி வீட்டு மொட்டை மாடியிலேயே விமானம் கட்டி, 2017-ல் அதை ஸர்க்காரில் பதிவும் செய்துகொண்டார்.

ஆகவே, பையனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "எஞ்சினைக் கிளப்ப விசிறியைச் சுற்றப்போகிறவன் யாரடா?"

"எடை குறையட்டும் என்று ஸ்டார்ட்டர் வைக்கவில்லை, ஸார். தம்பிதான் கையால் சுற்றுவான்" என்றான்.

தம்பி கல்லூரி மாணவன். எனக்குச் சுரீர் என்றது.

வீட்டு மேஜை விசிறிக்குக்கூடக் கூண்டு உண்டு. விமானத்தின் புரொபெல்லருக்குக் கூண்டு கிடையாது. ஆறு அடி நீளமுள்ள விசிறி நிமிஷத்துக்கு 2,400 தடவை சுழன்றால், அதன் நுனி மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அது கண்ணுக்கே தெரிவதில்லை.

சுழலாதபோதும் அதை நம்பக் கூடாது. பழைய முறையில் அமைந்த விமான எஞ்சின்களில் மாக்னெட்டோ என்ற கருவி இருக்கிறது. அதற்கு பாட்டரி வேண்டாம்; எஞ்சின் சுழன்றால் தானே மின்பொறி உண்டாக்கும். ஸ்விட்சை அணைப்பது என்றால், அந்த மின்சாரத்தை ஒரு கம்பி வழியாக எஞ்சினின் உடலுக்குத் திருப்பிவிடுவதே. கம்பி அறுந்திருந்தால் ஸ்விட்ச் 'அணைந்தேன்' என்று சொல்லும். மாக்னெட்டோ அதைக் கேட்காது. சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருந்தால் போதும். விசிறியைச் சற்றுத் தள்ளினாலும் எஞ்சின் உதைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

விசிறியின் கோபம் தரையோடு நின்றுவிடுவதுமில்லை. ரைட் சகோதரர்கள் தங்கள் விசிறிகளைத் தாங்களே செதுக்கியவர்கள். 1908 செப்டம்பர் 17-ந் தேதி, அமெரிக்காவில் ஃபோர்ட் மையர் என்ற இடத்தில், ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தின் விசிறி பிளந்தது. அது வால் பக்கத்துக் கம்பியில் மோத, விமானம் தரையில் விழுந்து நொறுங்கியது. ஆர்வில் பலத்த காயத்துடன் பிழைத்தார். உடன் பறந்த லெப்டினன்ட் ஸெல்ஃப்ரிட்ஜ் இறந்தார். எஞ்சின் விமான விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவரே.

இவற்றையெல்லாம் சொல்லி, நிபந்தனைகளையும் சொன்னேன். விசிறியை எப்போதும் உயிருள்ளதாகவே பாவிக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்பும்போது சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலை முளையில் கட்டி, பழகிய ஒருவரை ஆசனத்தில் உட்கார வைக்க வேண்டும். விசிறியைச் சுற்றுகிறவன் தேர்ந்தவரிடம் நேரில் கற்றிருக்க வேண்டும். வழுக்காத தரையில் நிற்க வேண்டும். வேஷ்டி, அங்கவஸ்திரம் போன்ற தொங்கும் துணி எதுவும் உதவாது. விசிறி சுழலும் வட்டத்துக்கு நேரே எவரும் நிற்கக் கூடாது. மரவிசிறி மழையில் ஊறும், வெயிலில் சுருங்கும். ஐப்பசியில் முடுக்கிய போல்ட் சித்திரையில் தளர்ந்திருக்கலாம். ஆகையால் விரிசலையும் போல்ட்டுகளையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

பையன் வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "ஸ்டார்ட்டரே வைத்துவிடுகிறேன், ஸார். சில கிலோ கூடினால் கூடட்டும்" என்றான்.

"வை. ஆனால் நான் சொன்ன மற்றவையெல்லாம் அப்போதும் பொருந்தும்" என்றேன்.

பறக்கிறவன் தன் உயிரைத் தானே பணயம் வைக்கிறான். அவன் அபாயத்தை அறிந்தவன். ஆகாயத்தைக் காணும் ஆனந்தமும் அவனுக்கே. விசிறியைச் சுற்றுகிறவனோ தரையிலேயே நின்றுவிடுகிறான். அண்ணனிடத்தில் உள்ள பிரியத்தைத் தவிர அவனை அங்கே நிறுத்துவது வேறொன்றுமில்லை. நம் இளைஞர்கள் விமானம் கட்டட்டும், தாராளமாகப் பறக்கட்டும். இறக்கைக்குக் கணக்குப் போடுகிறவர்கள், அந்தப் பிரியத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.