முறை தவறிய மலை

பொலிவியாவின் பொத்தோசி நகரத்தில், பழைய நாணயச்சாலையின் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வரைந்தவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. மேரி மாதாவின் முகமும் கைகளும் மட்டும் வெளியே தெரிகின்றன. உடம்பு முழுக்க மலை. கூம்பாக விரிந்த செம்மண் நிறப் பாவாடைதான் மலைச்சரிவு. அதில் பாதைகள் வளைந்து ஏறுகின்றன, சின்னஞ்சிறு மனிதர்களும் விலங்குகளும் நடமாடுகிறார்கள். மேலே வானத்தில் மாதாவுக்கு முடி சூட்டுகிறார்கள். கீழே போப்பாண்டவரும் பேரரசரும் பணிந்து நிற்கிறார்கள்.

நாணயச்சாலையை விட்டு வெளியே வந்தால் வீட்டுக் கூரைகளுக்கு மேலே அதே கூம்பு, அதே நிறம். பெயர் செர்ரோ ரிக்கோ, அதாவது பணக்கார மலை. நகரமே கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையுச்சி 4,800 மீட்டரை நெருங்குகிறது. இரண்டு தப்படி வேகமாக வைத்தால் மூச்சு வாங்கும் இந்த இடத்தில், 1611இல் எடுத்த கணக்குப்படி 1,60,000 பேர் வாழ்ந்தார்கள். அன்றைய உலகின் பெரிய ஊர்களில் இதுவும் ஒன்று. ஊரைக் கட்டியது மலையின் வயிற்றில் இருந்த வெள்ளி. ஓவியர் வயிற்றுக்குள் போகவில்லை. நாம் போகலாம்.

1545இல் தியேகோ வால்பா என்ற பழங்குடி மனிதர் இங்கே வெள்ளியைக் கண்டுபிடித்தார். தப்பியோடிய லாமாவைத் துரத்தி மலையேறினார், பிடித்து இழுத்த புதரோடு தாது வேரில் ஒட்டிக்கொண்டு வந்தது என்று கதையும் சொல்வார்கள். செய்தி பரவிய வேகத்தில் ஸ்பானியர்கள் வந்து சுரங்க உரிமைகளைப் பதிந்துகொண்டார்கள். ஆனால் இந்தத் தாதுவை உருக்க அவர்களுடைய துருத்தி உலைகள் உதவவில்லை. கைகொடுத்தது கெச்சுவா, அய்மரா மக்களின் ‘வாய்ரா’. கெச்சுவா மொழியில் இந்தச் சொல்லுக்குக் காற்று என்று பொருள். பக்கமெல்லாம் துளைபோட்ட மண் உலையைக் காற்று வீசும் சரிவில் வைத்து, மலைப்புல்லும் லாமாச் சாணமும் எரிப்பார்கள். ஊதுகிற வேலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும். இரவில் மலைச்சரிவெங்கும் ஆயிரக்கணக்கான உலைகள் கார்த்திகை தீபம்போல எரிந்தன. முதல் 25 ஆண்டுகள் வெள்ளி உருக்கும் கலை உள்ளூர்க்காரர்கள் கையில் இருந்ததால், வருமானத்திலும் ஒரு பங்கு அவர்களிடமே தங்கியது.

மேல்மட்டத்துச் செழிப்பான தாது 1560களில் தீர்ந்துபோனது. ஆழத்தில் இருந்த மட்டமான தாதுவுக்கு வாய்ரா எடுபடவில்லை. அப்போது வந்தவர் பெருவின் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ. 1572இன் கடைசியில் பொத்தோசிக்கு ஏறிவந்த அவர், இரண்டு ஏற்பாடுகளைச் செய்தார். ஒன்று பாதரசம், மற்றொன்று ஆள்.

பாதரசத்தின் மிச்சங்களை இன்றும் பார்க்கலாம். நகரத்தின் குறுக்கே ஓடும் ‘ரிபேரா’ என்ற வாய்க்காலின் ஓரத்தில் ஆங்காங்கே கருங்கல் சுவர்கள் நிற்கின்றன. உயரமான சுவரின் மேல் தண்ணீர் வந்த கால்வாய். நடுவே நீர்ச்சக்கரம் சுழன்ற ஒடுக்கமான பிளவு. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் கிடைக்கும் ஊர் என்பதால், மேலேயுள்ள காரி காரி மலைத்தொடரில் அணைகள் கட்டி ஏரிகளை உண்டாக்கினார்கள். அங்கிருந்து இறங்கிய தண்ணீர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகளை ஓட்டியது.

ஆலைக்குள் நடந்த வேலையை நம் சமையலறைச் சொற்களாலேயே சொல்லிவிடலாம். சக்கரம் சுழலச் சுழல, இரும்புப் பூண் போட்ட உலக்கைகள் வரிசையாக எழுந்து விழுந்து தாதுவை இடித்தன. இடித்ததைச் சலித்தார்கள். மாவாகிய தாதுவோடு உப்பும் தண்ணீரும் பாதரசமும் சேர்த்துப் பிசைந்தார்கள். பிசைந்தது பெரும்பாலும் கால்கள். வாரக்கணக்கில் மிதித்த சேற்றை அலசினால் வெள்ளியைப் பிடித்துக்கொண்ட பாதரசம் அடியில் தங்கும். அதைத் துணியில் கட்டிப் பிழிந்து, கூம்பு அச்சில் அடித்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் பறந்துவிடும். மிஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த வெள்ளிக் கூம்பு. பறந்த ஆவியில் ஒரு பகுதி உலையருகே நின்றவரின் நுரையீரலுக்குப் போனது.

பாதரசம் பெருவின் உவாங்காவெலிக்காவில் கிடைத்தது. அதன் விற்பனை அரசரின் தனியுரிமை. இதில் ஒரு கணக்கு இருந்தது. வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு வரி. ஆலை முதலாளி வாங்கிய பாதரசத்தின் எடை தெரிந்தால், அவர் எவ்வளவு வெள்ளி எடுத்திருப்பார் என்று கச்சேரியில் உட்கார்ந்தபடியே மதிப்பிடலாம். வெள்ளியை ஒளிக்கலாம், பாதரசச் சிட்டையை ஒளிக்க முடியாது.

இனி ஆள். தொலேதோ கொண்டுவந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ‘மித்தா’. அது அவர் உண்டாக்கிய சொல் அல்ல. கெச்சுவாவில் மித்தா என்றால் முறை. இன்காக்களின் காலத்தில் ஒவ்வொரு ஊரும் முறைவைத்து ஆள் அனுப்பிச் சாலை போட்டது, பாலம் கட்டியது, அரசு நிலத்தை உழுதது. அதுவும் கட்டாயம்தான். ஆனால் போனவருக்குச் சோறும் மதுவும் கருவியும் அரசு கொடுத்தது; அவர் திரும்பும்வரை அவருடைய நிலத்தை ஊரார் பார்த்துக்கொண்டார்கள். தமிழில் முறை என்ற சொல் ஆள் மாற்றி ஆள் வருவதையும் குறிக்கும், நியாயத்தையும் குறிக்கும். இன்காவின் மித்தாவில் இரண்டு பொருளும் இருந்தன. தொலேதோ முதல் பொருளை வைத்துக்கொண்டு இரண்டாவதை உருவிவிட்டார்.

அவருடைய திட்டப்படி, கூஸ்கோ பக்கத்திலிருந்து தெற்கே வெகுதூரம் பரவிய 16 மாகாணங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,500 ஆண்களை பொத்தோசிக்கு அனுப்ப வேண்டும். 18 முதல் 50 வயது வரையுள்ளவர்களில் ஏழுக்கு ஒருவர். டிட்டிகாகா ஏரிக்கரையிலிருந்து வந்தவர்களுக்கு இரண்டு மாத நடை. மனைவி, குழந்தைகள், லாமாக்கள், உலர்ந்த உருளைக்கிழங்கு மூட்டை என ஓர் ஊரே கிளம்பியதுபோல இருக்கும். வந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு வாரம் கட்டாய வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்பது ஏட்டில். சுரங்கத்தில் நாள் கூலி மூன்றரை ரியால். இந்தக் குளிர்மலையில் எதுவும் விளையாது. சோளம், கோக்கா இலை, துணி எல்லாம் வெளியிலிருந்து வந்து யானை விலைக்கு விற்றன. பல வேளைகளில் சுரங்கத்துக்குள் ஏற்றும் மெழுகுவத்தியும் தொழிலாளியின் செலவுதான். ஆகவே ‘ஓய்வு’ வாரங்களில் அவர் அதே மலைக்குக் கூலியாளாகப் போனார்.

உள்ளே எப்படி இருந்தது? ஹொசே தெ அகோஸ்தா என்ற ஏசுசபைப் பாதிரியார் 1590இல் வெளியான தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். தோலைத் திரித்த வடங்களில் மரப்படி கட்டிய ஏணிகள். ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் இறங்க. ஏறத்தாழ 23 கிலோ தாதுவைப் போர்வையில் சுற்றி, முனைகளை நெஞ்சில் முடிந்து, சுமை முதுகில் தொங்க மூன்று மூன்று பேராக ஏறுவார்கள். முதலில் ஏறுபவரின் கட்டைவிரலில் மெழுகுவத்தி கட்டியிருக்கும். இரண்டு கையும் ஏணிக்கு வேண்டுமே. பின்னால் வரும் இருவருக்கும் அந்த ஒரு சுடர்தான் வழி. உள்ளே புழுக்கம், வாய்க்கு வெளியே வந்தால் பனிக்காற்று. வெயர்த்த உடம்போடு வெளியே வந்தவர்களை நிமோனியா கொண்டுபோனது. உள்ளேயே இருந்தவர்களைக் கல்தூசி மெல்லக் கொன்றது.

இந்த மலை 80 லட்சம் பேரைத் தின்றது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். வந்த ஆட்களின் கணக்கு அந்த எண்ணைத் தாங்காது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. மலை செய்த சேதத்தில் பெரும்பங்கு மலைக்கு வெளியே நடந்தது. மித்தா, பிறந்த ஊரில் பதிவாகியிருந்தவர்களைத்தான் பிடித்தது. ஊரை விட்டு ஓடி வேறொரு ஊரில் ‘அந்நியர்’ ஆகிவிட்டால் முறை வராது. ஆயிரக்கணக்கானோர் அப்படியே செய்தார்கள். ஊர்கள் ஒழிந்தன; அனுப்ப வேண்டிய தலைக்கணக்கு மட்டும் அவ்வளவு சீக்கிரம் குறையவில்லை. ஏழாண்டுக்கு ஒருமுறை வர வேண்டிய முறை, எஞ்சியவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை வந்தது. ஆள் கிடைக்காத ஊர்த்தலைவர் அதற்கு ஈடாகக் காசு கட்டினார். அந்தக் காசில் வேறு ஆளை அமர்த்துவதற்குப் பதில் முதலாளி அதை மடியில் முடிந்துகொண்டார். தாதுவே வற்றிப்போன சுரங்கத்துக்கும் இந்த வருமானம் வந்தது. காகிதத்தில் மட்டும் வேலை செய்த இந்த ஆட்களுக்கு அந்தக் காலத்தில் வைத்த பெயர் ‘சுருக்குப்பை இந்தியர்கள்’. முறை கடைசியில் ஒரு வரியாகச் சுருங்கிப் பைக்குள் போனது.

பொத்தோசியைக் கட்டாய உழைப்பு மட்டுமே நடத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குடிவரியைக் காசாகக் கட்டச் சொன்னதால், மித்தாவில் சிக்காதவர்களும் காசு தேடி இங்கே வந்து கூலிக்கு நின்றார்கள். சந்தையில் தாதுவும் கோக்காவும் சோளமதுவும் விற்றவர்களில் பழங்குடிப் பெண்கள் பலர். சனி மாலை முறை ஆட்கள் இறங்கிப்போனதும் வேறொரு கூட்டம் மலையேறியது. ‘காச்சா’க்கள் என்று பெயர். திங்கள் காலை வரை மலை தங்களுடையது என்பது அவர்கள் வழக்கம். வெட்டிய தாதுவை ஊர்ப்புறத்து எளிய கல் ஆலைகளில் அரைத்தார்கள். முதலாளிகள் திருட்டு என்றார்கள். ஆனாலும் 18ஆம் நூற்றாண்டில் அவர்களை அடக்க முடியவில்லை. எடுத்தவர்களிடமிருந்து வாரத்தில் ஒன்றரை நாளைத் திரும்ப எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

1626 மார்ச்சில் மேலேயிருந்த சான் இல்தெபொன்சோ அணை உடைந்தது. ஏரித் தண்ணீர் ரிபேரா வழியாகவே இறங்கி ஆலைகளில் பெரும்பாலானவற்றை அடித்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் சில நூறு என்பாரும் உண்டு, நாலாயிரம் என்பாரும் உண்டு. ஆலைகளைத் திரும்பக் கட்டினார்கள். உற்பத்தி பழைய உச்சத்துக்கு வரவில்லை.

நாணயச்சாலை முதலில் 1570களில் தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் கோட்டை போன்ற கட்டடம் 1759 முதல் 1773 வரை கட்டியது. அதில் மறக்க முடியாதவை வெள்ளிப் பாளத்தைத் தகடாக்கிய மர இயந்திரங்கள். ஆளுயரப் பல்சக்கரங்கள் மேல்தளத்தில். அவற்றைச் சுழற்றிய கோவேறு கழுதைகள் கீழ்த்தளத்தில், செக்குமாடுபோல வட்டமடித்தபடி. வேலையாட்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் இருந்தார்கள். பொத்தோசியின் எட்டு ரியால் நாணயம் உலகெங்கும் செல்லுபடியானது. 1640களில் நாணயச்சாலைக்காரர்களே அதில் செம்பைக் கூட்டிக் கலக்க, ஐரோப்பியச் சந்தைகள் அந்தக் காசைக் கையால் தொட மறுத்தன. 1650இல் இந்த மோசடிக்காக வெள்ளி வணிகர் கோமெஸ் தெ லா ரோச்சாவைக் கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகுதான் பெயர் மெல்ல மீண்டது. அமெரிக்க வெள்ளி ஒரு வழியில் செவில்லுக்கும், மறு வழியில் மணிலா வழியாகச் சீனாவுக்கும் போனது. சோழமண்டலக் கரையில் துணி வாங்க வந்த ஐரோப்பியக் கம்பெனிகளின் பெட்டிகளிலும் அது இருந்தது.

காடிஸ் நகரில் கூடிய ஸ்பானிய நாடாளுமன்றம் 1812இல் மித்தாவை ஒழித்தது. 1825இல் விடுதலைப் போரின் தலைவர் பொலிவார் இந்த மலையுச்சியில் நின்று விடுதலையைக் கொண்டாடினார். மலைக்கு விடுதலை கிடைக்கவில்லை. யுனெஸ்கோ 1987இல் நகரத்தையும் மலையையும் ஆலைகளையும் ஏரிகளையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2014இல் அபாயத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. உச்சியில் நிலம் உள்வாங்கியிருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் இன்னும் உள்ளே துத்தநாகம், ஈயம், வெள்ளி என்று கிடைத்ததை வெட்டுகிறார்கள். பொதுவாக இடிபாடு என்றால் வேலை நின்றுபோன இடம். இங்கே வேலை நடந்துகொண்டே இடிகிறது.

சுரங்கத்துக்குள் மாதா படம் இல்லை. அங்கே இருப்பவர் ‘தியோ’, ஸ்பானிய மொழியில் மாமா. கொம்பு வைத்த களிமண் உருவம். மலையின் உள்ளே இருப்பதெல்லாம் அவருடையது. வெள்ளிக்கிழமைகளில் தொழிலாளிகள் அவர் முன்னால் உட்கார்ந்து, காலடியில் கோக்கா இலை தூவி, தரையில் கொஞ்சம் சாராயம் ஊற்றி, சிகரெட்டைப் பற்றவைத்து அவர் வாயில் செருகுகிறார்கள். எடுப்பதற்கு முன் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். தொலேதோ உருவிப் போட்ட அந்த இரண்டாவது பொருள் மலைக்குள் எங்காவது மிச்சம் இருக்கிறது என்றால், இருட்டில் கனியும் அந்தச் சிகரெட் நுனியில்தான்.