கிளாஸ்கோவில் எமது முதற் பருவம்

வடகரையிற் பிறந்து, நம் கல்லூரியிற் பயின்று, மேற்படிப்பின் பொருட்டு ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரஞ் சென்ற யாம், அங்குக் கழித்த முதற் பருவத்தில் எம் மனத்திற் பதிந்தவற்றை மாணவ நண்பர்களுக்குச் சுருக்கமாகக் கூற விரும்புகின்றோம்.

கிளாஸ்கோ சர்வகலாசாலை 1451ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பெற்றது. பழைய நகரின் நடுவில் இருந்த அது, 1870இல் கில்மோர்ஹில் என்னுங் குன்றின்மீது எழுப்பிய கட்டடத்திற்கு மாறியது. குன்றின் அடியில் கெல்வின் ஆறு ஓடுகின்றது. இங்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பேராசிரியராயிருந்த வில்லியம் தாம்ஸன் 1892இல் பிரபுப் பட்டம் பெற்றபொழுது, இவ்வாற்றின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். விஞ்ஞான மாணவர் உஷ்ண அளவையிற் படிக்கும் கெல்வின் இதுவே.

எம்மை முதலிற் கலங்கச் செய்தது மொழி. ஆங்கிலம் அறிவோம் என்ற துணிவோடு சென்ற எமக்கு, நகரத்தார் பேச்சிற் பாதியும் விளங்கவில்லை. ‘ஆம்’ என்பதை அவர்கள் ‘ஐ’ என்பர். ‘சிறிய’ என்பதை ‘வீ’ என்பர். எமது பேச்சும் அவர்களுக்கு அவ்வாறே இருந்தது. வகுப்பில் மாணவர் பேராசிரியரை இயற்பெயரிட்டு அழைத்தனர். அவர் கூற்றை மறுத்தும் வாதித்தனர். ‘ஐயா’ என்றே பழகிய எம் நா எழ மறுத்தது.

ஆயினும் மழை எமக்குப் புதிதன்று. ஆனி ஆடித் திங்களில் மேல்காற்று மலையாள நாட்டில் மழையைக் கொட்டி, எஞ்சியதை மலைக்கு இப்பால் சாரலாகத் தூவுவதை நாம் அறிவோம். அங்கும் மேல்திசைக் கடற்காற்றே மழையைக் கொணர்கின்றது. ஆனால் அதில் எம்மூர்ச் சாரலின் இதம் இல்லை. டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருளில் அறைக்குத் திரும்பும்போது ஊரில் இரவு ஒன்பதரை மணியாகியிருக்கும். அன்னையார் எம் குரலைக் கேட்பதற்காகவே உறங்காதிருப்பார். எந்தையார் எம் படிப்பிற்காக வயலை ஒற்றி வைத்திருந்தார். திரும்பிவிடலாமோ என்ற எண்ணம் எழும்போதெல்லாம் அவ்வயலின் நினைவு எம்மைத் தடுத்தது.

அந்நாட்களில் எமக்குத் தேறுதலளித்தவர் கால்டுவெல் ஐயர். 1814இல் அயர்லாந்திற் பிறந்த அவர், இதே சர்வகலாசாலையிற் பயின்று, 1838இல் சென்னை வந்தடைந்தார். பின்னர் நம் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அத்தகைய நூலை இயற்றியவரும் ஒருகால் தமிழில் ஒரு சொல்லும் அறியாது, வெயிலுக்கு வருந்தி, நம்மவர் பேச்சு விளங்காமல் திகைத்து நின்றவரே அன்றோ? அவர் குழறிய சொற்களை நகையாது திருத்திக் கொடுத்த கிராமத்தார் எத்தனை பேரோ! அவர்கள் பெயர் எந்நூலிலும் இல்லை.

இவ்வெண்ணம் பிறந்தபின் எம் கூச்சம் தணிந்தது. விளங்காததை, ‘மீண்டும் சொல்லுங்கள்’ என்று கேட்டோம். அவர்களும் மனங்கோணாது சொன்னார்கள். பருவ முடிவில் வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்டோம். பேராசிரியர் சற்றுச் சிந்தித்து, தமக்கு விடை தெரியாதென்றும், அடுத்த வாரம் சேர்ந்து ஆராய்வோமென்றும் கூறினார். அன்று முதல் யாம் அவ்விடத்து மாணவரானோம்.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரிக்கும் ஆண்டுதோறும் அயலூரிலிருந்தும் அயன்மொழி பேசியும் புதியோர் வருகின்றனர். அவர்கள் தமிழ் தடுமாறுங்கால், பொறுமையோடு ஒரு சொல்லைத் திருத்திக் கொடுப்பீராக. அவ்வுதவியின் அருமையை யாம் கடல் கடந்து அறிந்தோம்.