லாரியில் ஏறுங்க... ஜாவா பார்க்கலாம்!

இந்தோனேசியான்னதும் பாலி பீச்தானே ஞாபகம் வருது? அதைக் கொஞ்சம் ஓரம்கட்டிட்டு ஜாவா தீவுக்கு வாங்க. யோக்யகர்த்தா நகரத்துக்குத் தெற்கே பாந்துல். வயல்களுக்கு நடுவே ஒரு லாரி போகுது பாருங்க... பின்னாடி சரக்கு இல்லை, நின்னுகிட்டே போற கிராமத்துப் பெண்கள்! ஊர்த்தலைவி ஆஸ்பத்திரியில் இருக்காங்களாம். பார்க்கக் கிளம்பியாச்சு. வழி நெடுக ஊர்வம்பு!

இது 'திலிக்' குறும்படம். ஜாவானிய மொழியில் 'திலிக்' என்றால் நலம் விசாரிக்கப் போவது. வாஹ்யு அகுங் பிரசெத்யோ 2018-ல் எடுத்த அரை மணி நேரப் படம்.

இதில் என்ன அதிசயம்? அங்கே டி.வி. வந்தது 1962-ல், ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக. 1989-ல் தனியார் சேனல். அப்புறம் 'சினெட்ரான்' எனும் மெகா சீரியல் ராஜ்ஜியம். 2012-ல் தொடங்கிய ஒரு சீரியல் 2,000 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது! ஆனா, கதை பெரும்பாலும் ஜகார்த்தா கதை. பேச்சும் ஜகார்த்தா பேச்சு. நாட்டிலேயே அதிகம் பேருக்குத் தாய்மொழியான ஜாவானியம், சீரியலில் வேலைக்காரர் பேசும் காமெடியாகத்தான் அடிக்கடி எட்டிப் பார்த்தது.

'திலிக்'கில் மூச்சுக்கு மூச்சு ஜாவானியம். இரண்டு வருஷம் விழா வட்டாரத்தோடு நின்ற படம், 2020 ஆகஸ்டில் யூடியூபில் ஏறியதும் சில வாரங்களில் கோடிப் பார்வைகளைத் தாண்டியது. சித்தி ஃபௌசியா நடித்த வம்புக்காரி 'பூ தேஜோ' நாடு முழுக்க மீம்ஸ் ஆனார்!

அதே 2020-ல் கொரோனா மேடைகளை மூடியபோது, யோக்யகர்த்தாவின் பொம்மலாட்டக் கலைஞர் கீ செனோ நுக்ரோஹோ வீட்டிலிருந்தே நிழற்கூத்தை யூடியூபில் லைவ் செய்தார். அந்த நவம்பரில் அவர் மறைந்தாலும், அவர் நடத்திய கூத்துகள் இன்றும் நெட்டில் இருக்கின்றன.

ஆனா பாஸ், ஒரு சிக்கல். லாரியில் ஓர் இளம்பெண்ணின் பெயரைக் கிழிக்கும் பூ தேஜோவுக்குத் தகவல் எங்கிருந்து வருது தெரியுமா? நெட்டிலிருந்து! பக்கத்தில் நிற்கும் யூ நிங், 'விசாரிக்காம பேசாதே'ன்னு மல்லுக்கு நிக்கிறார். பெண்கள்னாலே வம்புதானா என்று படத்தையே திட்டியவர்களும் உண்டு.

கிராமத்துக் குரலை நாடு முழுக்கக் கேட்க வெச்ச அதே செல்போன்தான், லாரிக்குள் வதந்தியையும் ஏத்திவிட்டது. நீங்க பூ தேஜோவா, யூ நிங்கா? அடுத்த ஃபார்வேர்டு வரும்போது தெரிஞ்சுடும்!