வில்லை தேய்த்த கைகள்

தமிழ்த்துறை மலரில் தொலைநோக்கி செய்த நிறுவனமொன்றைப் பற்றி எழுதுவது பொருத்தமா எனச் சான்றோர் சிலர் ஐயுறக்கூடும். வானியலை இயற்பியல் துறையாரிடம் விட்டுவிட்டு இலக்கியம் பேசலாமே என மாணவர் கேட்கவும் கூடும். ஆயினும் விண்ணை நோக்கிய கருவிகளின் வரலாறு பெரும்பகுதியும் கைத்தொழிலின் வரலாறே ஆகும். கைத்தொழிலோ ஒரு தலைமுறையினர் அடுத்த தலைமுறையினர்க்குச் சொல்லிக் கொடுப்பதனால் வாழ்வது. ஆகவே, சொல்லைத் தொழிலாகக் கொண்ட நமக்கும் இதில் பங்குண்டு.

என் தந்தையார் சிறியதொரு மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவர். கடையின் பின்னறையில் வில்லைகளைத் தேய்த்து மெருகிடுவார். "தேய்க்க யாராலும் முடியும் தம்பி, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதுதான் தொழில்" என்பது அவர் அடிக்கடி கூறும் மொழி. கிரப் நிறுவனத்தின் வரலாற்றைப் படித்தபோது அம்மொழியின் ஆழம் எனக்கு நன்கு விளங்கிற்று.

தாமஸ் கிரப் என்பார் அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1833ஆம் ஆண்டு அந்நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் அயர்லாந்து வங்கியின் பொறியாளராக இருந்து, பணத்தாள் அச்சிடும் பொறிகளையும் அமைத்தவர். அவருடைய மகனார் ஹோவர்டு கிரப் (1844–1931) தொழிலைப் பெருக்கி, 1887இல் 'சர்' பட்டமும் பெற்றார். வியன்னா வான்காணகத்துக்கு அவர் செய்தளித்த 27 அங்குலத் தொலைநோக்கி, அக்காலத்தில் வில்லைத் தொலைநோக்கிகளுள் உலகிலேயே பெரியதாக விளங்கிற்று. 1893இல் கிரீனிச்சு வான்காணகம் பெற்ற 28 அங்குலத் தொலைநோக்கியும் அப்பட்டறையின் படைப்பே.

தொலைநோக்கி செய்வோர் வில்லை செய்வதோடு அமைவதில்லை. புவி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்வனபோல் தோன்றும். அவற்றைப் பின்தொடரும் கடிகாரப் பொறி வேண்டும். கருவியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாக நிற்றல் வேண்டும். டப்ளினில் அவ்வச்சின் சாய்வு ஏறத்தாழ 53 பாகை. ஐதராபாத்தில் 17 பாகை. ஆகவே, கருவி எந்த ஊருக்குச் செல்கிறதோ அந்த ஊரின் நிலநேர்க்கோட்டிற்கு ஏற்ப அதனைச் சாய்த்து அமைக்க வேண்டும். மேலே கவியும் குவிமாடமோ பல டன் எடையுடையதாயினும் எளிதிற் சுழல வேண்டும்; அதன் பிளவு வானின் எத்திசைக்கும் திரும்ப வேண்டும். இக்குவிமாடங்களையும் கிரப் செய்தார். கருவி சாயுந்தோறும் ஏணியில் ஏறி இறங்கும் தொல்லை நீங்க, தளத்தையே உயர்த்தித் தாழ்த்தலாம் என்னும் அவர் கருத்தை அமெரிக்காவின் லிக் வான்காணகம் ஏற்றுச் செயற்படுத்தியது.

புகழ்மிக்க இந்நிறுவனத்தின் வரலாற்றில் துயரமான ஏடும் ஒன்றுண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்காக 48 அங்குல ஆடித் தொலைநோக்கி ஒன்றைத் தந்தையும் மகனும் செய்தனர். அது 1869இல் அங்கு நிறுவப்பெற்றது. அதன் ஆடி கண்ணாடியன்று. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அவ்வுலோகம் நாளடைவில் மங்கும். மீண்டும் மெருகிட வேண்டும். மெருகிடும்போதோ ஆடியின் நுண்ணிய வளைவே மாறிவிடும். எனவே, மெருகிடுதல் ஏறத்தாழப் புதிதாய்ச் செய்தலுக்கு ஒப்பாகும். அக்கலையில் தேர்ந்தோர் டப்ளினில் இருந்தனர். கருவியோ கடல் கடந்து போயிற்று. அது தன் ஆற்றலுக்கேற்ற பயனை அங்கு நல்கவில்லை. கருவியை அனுப்பினால் போதாது, கைப்பழக்கத்தையும் உடனனுப்ப வேண்டும் என்பதே மெல்போர்ன் தந்த பாடம். பின்னாளில் பல மாற்றங்களுக்குள்ளாகிக் கான்பரா அருகே பயன்பட்டுவந்த அக்கருவி, 2003ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் கருகியது.

நம் நாட்டோடும் இந்நிறுவனத்திற்குத் தொடர்புண்டு. ஐதராபாத்தில் வானியல் ஆர்வம் மிக்க நவாப் ஜஃபர் ஜங், 1901ஆம் ஆண்டு தொடங்கிய நிஜாமியா வான்காணகத்தில் கிரப்பின் 15 அங்குலத் தொலைநோக்கி இடம்பெற்றது. தம் செல்வத்தை அரண்மனை அணிகலன்களில் முடக்காது அறிவின் வழியில் ஈந்த அவருடைய உள்ளம் போற்றத்தக்கது. அவ்வான்காணகம் 1919இல் உசுமானியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகம் அது என்பதைத் தமிழ் பயிலும் மாணவர்கள் சிறப்பாகக் கருதுதல் வேண்டும்.

நிஜாமியாவில் பணியாற்றிய ஒருவரின் மகனாய், அந்தச் சூழலிலேயே வளர்ந்தவர் வைணு பாப்பு. ஐதராபாத் அரசின் உதவித்தொகையால் ஹார்வர்டு சென்று பயின்ற அவர், 1960இல் கொடைக்கானல் வான்காணகத்தின் இயக்குநரானார். ஞாயிற்றின் ஒளியை ஏந்தி நிலத்தடியே 60 மீட்டர் நீளும் சுரங்கத்தினுள் செலுத்தும் கருவி கொடைக்கானலில் உண்டு. அதன் 60 செ.மீ. ஆடிகளைச் செய்தளித்ததும் கிரப் மரபில் வந்த நிறுவனமே. பின்னர் சவ்வாது மலைத்தொடரில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் அவர் புதிய வான்காணகம் கண்டார். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவானது. அவர் 1982இல் மறைந்தபின், 1986இல் அவர் பெயராலேயே நாட்டுக்கு அளிக்கப்பெற்றது. மெல்போர்னில் நிகழாதது இங்கு நிகழ்ந்தது. கருவியோடு அதனை ஆக்கும் திறமும் வந்து வேரூன்றியது.

கிரப் நிறுவனம் முதல் உலகப்போரில் நீர்மூழ்கிகளுக்குரிய மறைநோக்கிகளைச் செய்தது. 1925இல் அது நலிவுற்றபோது, நீராவிச் சுழலி கண்ட சார்லஸ் பார்சன்ஸ் அதனை வாங்கி இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடத்தினார். அங்கு உருவான 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி, 1987இல் லா பால்மா தீவில் முதன்முதலாக விண்ணொளியைப் பெற்றது. அதனைக் காண நிறுவனம் இல்லை, 1985லேயே மூடப்பெற்றுவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் கைமாறி வந்த தொழிற்கூடம் அவ்வாறு முடிந்தது.

என் தந்தையாரின் பின்னறையும் அடங்கிவிட்டது. ஆயத்த வில்லைகள் மலிந்தபின் தேய்ப்பாருக்கு வேலையில்லை. வில்லையை விரலால் தடவியே குறை சொல்லும் அவருக்கு, அத்தொழிலில் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு சொல் இருந்தது. அவற்றுட் பல எந்த அகராதியிலும் ஏறவில்லை. தொழில் மறைவது காலத்தின் இயல்பு. அதனை யாம் தடுத்தல் அரிது. ஆனால், தொழிலோடு சொல்லும் மறைவதைத் தடுக்கலாம்.

அதனை நம் துறை மாணவர்கள் செய்தல் கூடும். நம் ஊர்களில் தோல் பதனிடுவோர், தறி நெய்வோர், பூட்டுச் செய்வோர், படகு கட்டுவோர் இன்னும் இருக்கின்றனர். விடுமுறை நாளொன்றில் அவர்களிடம் சென்று அமருங்கள். என்ன செய்கிறார்கள், அதனை எப்பெயரால் வழங்குகிறார்கள் எனக் கேட்டு எழுதுங்கள். ஆய்வேடு எழுதுதற்குத் தலைப்பில்லை என வருந்தும் இளையோர்க்கு இதனினும் சிறந்த களம் வேறில்லை. அவர்கள் கை தளருமுன் நாம் ஏடெடுத்தல் வேண்டும்.