உப்பு எங்கும் போகவில்லை

கடல்நீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது; உப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நிலாவெளி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த திருகோணமலைக்காரருக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. பாத்தியில் நிறுத்திய நீரை வெயில் எடுத்துக்கொள்ள, எஞ்சுவது வெள்ளையாக விளைந்து கிடக்கும். உப்பளத்தில் அது விளைச்சல். வரவேற்பறையில் வைத்திருக்கும் பவளத் தொட்டியில் அதுவே நாள்தோறும் வரும் ஆபத்து.

பவளத் தொட்டி என்றால் வெறும் மீன்தொட்டி அன்று. உயிருள்ள பவளங்களையும், அவற்றோடு வாழும் மீன், இறால், நத்தை முதலியவற்றையும் கடலுக்கு ஒப்பான நீரில் வைத்து வளர்ப்பது அது. திறந்த சமுத்திரத்தில் ஒரு கிலோ நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உண்டு. தொட்டியிலும் அந்த அளவைக் காக்க வேண்டும். ஆனால் தொட்டி நீர் நாள்தோறும் ஆவியாகிறது. நீர் குறையக் குறைய உப்பின் செறிவு ஏறுகிறது. ஆகவே, ஆவியாகிப் போன அளவுக்கு உப்பில்லாத தூய நீரைத் திரும்ப ஊற்ற வேண்டும். இதைக் கையால் செய்ய அலுத்தவர்கள் தானாக நீர் நிரப்பும் கருவியைப் பொருத்திக்கொள்கிறார்கள்.

கருவி மிக எளியது. நம் வீட்டு மேல்தாங்கியில் நீர் நிறைந்ததும் வரத்தை அடைக்கும் மிதவையை அறியாதவர் இல்லை. இங்கும் ஒரு மிதவை உண்டு. அதனோடு மின் ஆளி ஒன்று இணைந்திருக்கும். நீர்மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், சுற்று மூடும், பக்கத்துத் தாங்கியிலிருந்து சிறு பம்பி தூய நீரை ஏற்றும். மட்டம் உயர்ந்தால் மிதவை எழும், பம்பி நிற்கும். எல்லாம் அந்த மிதவை தடையின்றி ஏறி இறங்குவதைப் பொறுத்தது.

ரொறன்ரோவில் வாழும் என் மருமகனுடைய தொட்டியில் சென்ற தை மாதம் அந்த மிதவை எழவில்லை. இங்கே மாலை நான்கரை மணி. அங்கே காலை ஆறு. தொலைபேசியில் அவன் குரலே சரியில்லை.

"மாமா, இரவு முழுக்கப் பம்பி ஓடியிருக்கு. உப்பு 32க்குக் கீழ இறங்கிட்டுது. பவளமெல்லாம் சுருங்கிப்போய்க் கிடக்கு. இப்பவே உப்புக் கரைச்சு ஊத்தப்போறன்."

அந்தத் தொட்டி அவனுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது எனக்குத் தெரியும். அவனுடைய பத்து வயது மகள் நிலாவெளிக் கரையை இன்னும் கண்டதில்லை. தகப்பன் நீந்தப் பழகிய கடல் எப்படியிருக்கும் என்று அவள் அறிந்ததெல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் இருப்பதுதான். அதிலுள்ள பவளங்கள் நம் கடலில் ஒடித்தவையல்ல. அங்குள்ள பண்ணையில் துண்டுகளாக வளர்த்து விற்கப்படுபவை. இலங்கைக் கடலில் உயிர்ப் பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதை அவனே மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

செய்தியாளனாகப் பல காலம் இருந்துவிட்டால், பதற்றத்தோடு பேசுபவரிடம் முதலில் கணக்கைக் கேட்கும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. எத்தனை லீற்றர் கூடியது? நிலத்தில் சிந்தியதா? தாங்கியில் வெறும் நீரா, சுண்ணாம்பு கலந்த நீரா?

விடைகள் ஒவ்வொன்றாக வந்தன. மேல் தொட்டியும் அதன் கீழே மறைவாக இருக்கும் கீழ்த்தொட்டியும் சேர்ந்து 300 லீற்றர். கூடியது 30 லீற்றர். கீழ்த்தொட்டி விளிம்புவரை நிறைந்திருக்கிறது; ஆனால் ஒரு துளியும் வெளியே போகவில்லை. தாங்கியில் இருந்தது வடித்த தூய நீர் மட்டுமே. கடைசி விடை எனக்கு ஆறுதல் தந்தது. பவளங்களுக்குக் கல்சியம் கிடைக்கட்டும் என்று சிலர் அந்தத் தாங்கியிலேயே சுண்ணாம்பு நீரை வைப்பதுண்டு. அது ஓரிரவில் இவ்வளவு இறங்கியிருந்தால் நீரின் காரத்தன்மை ஏறி, சேதம் வேறு விதமாக இருந்திருக்கும்.

ஒரு துளியும் சிந்தவில்லை என்ற விடையில்தான் தீர்வு இருந்தது. 300 லீற்றரில் 35 வீதம் கணக்கிட்டால் தொட்டிக்குள் ஏறத்தாழப் பத்தரைக் கிலோ உப்பு. அது அப்படியே இருக்கிறது. இப்போது 330 லீற்றரில் பரந்திருப்பதால் அளவு 31.8 ஆகக் காட்டுகிறது, அவ்வளவே. மருமகன் எண்ணியபடி ஒரு கிலோ உப்பைக் கரைத்து ஊற்றினால் மானி உடனே 35 காட்டும், மனமும் அமைதியடையும். ஆனால் மேலதிக நீர் ஆவியாகி மட்டம் பழைய இடத்துக்கு இறங்கும்போது அதே உப்பு 300 லீற்றரில் நிற்கும். அப்போது அளவு 38.5. ஒரு கிழமைக்குள் பவளங்கள் இரண்டாவது அதிர்ச்சியைச் சந்திக்கும்.

அதைவிட முக்கியமானது வேகம். தொட்டி மீன்களுக்கு இந்த மாற்றம் பெரிதல்ல. கடல் மீனின் உடல்நீரில் உப்பு, கடலில் உள்ளதன் மூன்றிலொரு பங்களவே; அது கடல்நீரைக் குடித்து, மிகையான உப்பைப் பூக்கள் வழியாக வெளியேற்றிக்கொண்டே வாழ்கிறது. தன் அளவைத் தானே காக்கும் பொறி அதனிடம் உண்டு. பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் அந்த வசதி குறைவு; பவளத்துக்கு அறவே இல்லை எனலாம். வெளியே நீர் எப்படியோ உள்ளேயும் அப்படியே. வெளிநீர் திடீரென ஐதானால், பள்ளியில் பிரசாரணம் என்று படித்தோமே அந்த விதிப்படி, நீர் கலங்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்யும். ஒரே இரவில் நேர்ந்ததை ஒரே மணியில் திருப்பினால் அதே கலங்கள் எதிர்த்திசையில் வருந்தும்.

இதற்கு நம் கரையே சான்று. வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரமபுத்திராவும் பிற ஆறுகளும் கொட்டும் நீரால், அதன் வடபகுதியில் மேல்நீரின் உப்பு 30க்கும் கீழே இறங்குவதுண்டு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அந்த ஐதான நீரைக் கரையோர நீரோட்டம் தெற்கே இழுத்துவந்து நம் கிழக்குக் கரையை ஒட்டிக் கொண்டுசெல்கிறது. நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீற்றர் அளவில் உள்ள புறாத்தீவின் பவளங்கள் ஆண்டுதோறும் அந்த மாற்றத்தைக் கடந்தே வாழ்கின்றன. மாற்றம் கிழமைக் கணக்கில் மெல்ல வருவதால் தாங்குகின்றன. மறுபுறம், மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவின் ஆற்றுவாயை அண்டிப் பவளத்தைத் தேடிப் பயனில்லை. மழைகாலத்தில் திடீரென வந்து பரவும் நன்னீரும் அதோடு வரும் வண்டலும் பவளத்தை வளரவிடா. அங்கிருந்து புறாத்தீவு கடல்வழியே தொலைவில் இல்லை. ஆனால் பவளத்துக்கு அவை இரு வேறு உலகங்கள்.

எனவே மருமகனிடம் மூன்று காரியங்களைச் சொன்னேன். முதலில் கருவியின் மின்னிணைப்பைக் கழற்றுவது. அதோடு குழாயின் நுனி நீருக்குள் அமிழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. தாங்கியின் நீர்மட்டம் உயர இருந்து, நுனியும் நீருக்குள் இருந்தால், பம்பி நின்ற பிறகும் வடிகுழாய்போல நீர் தானாக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது, கீழ்த்தொட்டியிலிருந்து 30 லீற்றரைத் தூய வாளிகளில் எடுத்து வைப்பது. விளிம்புவரை நிறைந்த தொட்டியை அப்படியே விட்டால், மின்தடை வரும் வேளையில் மேல் தொட்டியின் நீரும் இறங்கி வீடெல்லாம் வெள்ளமாகும். மூன்றாவது, அந்த நீரை எக்காரணம் கொண்டும் கொட்டாதிருப்பது. அதற்குள் கிட்டத்தட்ட ஒரு கிலோ உப்பு, தொட்டிக்கே உரிய உப்பு, இருக்கிறது.

பனிக்காலத்தில் சூடேற்றிய வீட்டின் வறண்ட காற்றில் அவனுடைய தொட்டி நாளுக்கு 4 லீற்றர் இழக்கிறது. அந்த இழப்பைத் தூய நீரால் ஈடுசெய்யாமல், வாளி நீரிலிருந்தே நாளுக்கு 4 லீற்றர் ஊற்றச் சொன்னேன். ஏழரை நாளில் வாளி ஒழிந்துவிடும். தொட்டியும் சரியாக 300 லீற்றரில் 35க்கு வந்து சேரும். ஒரு நாளைக்கு ஏறுவது அரைக்கும் குறைவு. கடையிலிருந்து ஒரு பிடி உப்பும் வாங்க வேண்டியதில்லை. வாளிக்குள் காற்றுக் குமிழி விடும் சிறு கருவி ஒன்றை ஓடவிட்டால் நீர் கெடாது. அறைவெப்பத்தில் இருக்கும் அந்த நீரைத் தொட்டி வெப்பத்துக்குக் கொண்டுவந்து சிறிது சிறிதாக ஊற்றினால் போதும்.

குற்றவாளியைக் கண்டுபிடித்தவள் சிறுமி. சுண்டுவிரல் நகமளவு நத்தை ஒன்று மிதவையின் மேல் ஏறி, அதற்கும் தண்டுக்கும் இடையே இறுகியிருந்தது. பாசி தின்பதற்காக வாங்கி விட்ட நத்தை. தன் தொழிலைச் செய்துகொண்டு போன இடத்தில் அது மாட்டிக்கொண்டதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. நத்தை இல்லாவிட்டாலும் தண்டில் படியும் உப்புப் பொருக்கு என்றோ ஒருநாள் இதையே செய்யும்.

இரண்டு இறால்களில் ஒன்று மறுநாள் செத்தது. கோமாளி மீன்கள் எதையும் பொருட்படுத்தவில்லை. மென்பவளங்கள் நான்காம் நாள் விரிந்தன. கல்பவளங்களுள் ஒன்று மட்டும் ஓரத்தில் வெளுத்து, பிறகு தேறியது. எட்டாம் நாள் காலை மானி 35 காட்டிற்று.

புறாத்தீவுக்கு 1963இல் சரணாலயம் என்ற பாதுகாப்பும் 2003இல் தேசியப் பூங்கா என்ற நிலையும் கிடைத்தன. 1998இல் கடல் சூடேறி இலங்கையின் தென்மேற்குப் பவளங்கள் பெருமளவு வெளுத்து மடிந்தபோது இது பெரிதும் தப்பிற்று. யுத்தம் முடிந்த 2009க்குப் பின் கூட்டம் பெருகி, ஆழமற்ற இடங்களில் மனிதர் காலால் மிதித்தே ஒடிக்கின்றனர். ஒடிந்ததை வாளியில் எடுத்துவைத்து நாளுக்கு நான்கு லீற்றராகத் திருப்பி ஊற்றும் வழி அங்கே இல்லை.

மருமகன் இப்போது மிதவைகளை இரண்டாக்கி, இரண்டும் இறங்கினால் மட்டுமே பம்பி ஓடும்படி தொடராக இணைத்திருக்கிறான். நத்தை ஏறாதபடி சுற்றிலும் வலை. எத்தடவையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவிடாத நேரக்கட்டுப்பாடு ஒன்று. தாங்கியையும் 60 லீற்றரிலிருந்து 12 லீற்றருக்குக் குறைத்துவிட்டான். எல்லாக் காவலும் ஒருசேரப் பிழைத்து, தாங்கி முழுவதும் ஓரிரவில் இறங்கினாலும், உப்பு 33.6க்குக் கீழே போகாது. மூன்று நாளுக்கொரு முறை தாங்கியை நிரப்பும் வேலை கூடியிருக்கிறது. அதை மகள் ஏற்றுக்கொண்டாள். பள்ளிக்குப் போகுமுன் மானியைப் பார்த்து, அன்றைய எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாளில் எழுதிவைக்கிறாளாம்.